இரண்டாவது கியர் பல்லைக் கடிக்கிறது: ஓவர்டிரைவோடு பழைய கியர்பாக்ஸ் வாங்கலாமா?

நீலக்கூரை:

வணக்கம். என் வண்டி 1971 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நான்கு கியரிலும் சின்க்ரோ (கியர் கோர்ப்பதற்கு முன் வேகங்களை ஒன்றாக்கும் வளையம்) உள்ள பாக்ஸ், ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் தொகுதி) இல்லாதது. வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இஞ்சின் பக்கம் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கியர்பாக்ஸ் ஒரு வருடமாக என் பொறுமையைச் சோதிக்கிறது. வண்டியை எடுத்த முதல் பத்து நிமிடம் இரண்டாவது கியர் போட்டாலே கர்ரென்று பல்லைக் கடிக்கும், சூடானதும் கொஞ்சம் பரவாயில்லை. அது போக, நியூட்ரலில் நிற்கும்போது மாவு மிஷின் மாதிரி ஒரு சத்தம், கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது.

இப்போது ஒருவர் ஓவர்டிரைவோடு ஒரு பழைய பாக்ஸ் விற்கிறார். கழற்றும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்கிறார். கழற்றி எட்டு வருடம் ஆகிறதாம், ஆயிலை வடித்துவிட்டு ஷெட்டில் வைத்திருக்கிறார். எனக்கு ஓவர்டிரைவ் மேல் ரொம்ப நாளாக ஆசை, அதனால் மனம் ஏற்கெனவே பாதி வாங்கிவிட்டது, மீதிப் பாதிதான் உங்களிடம் கேட்கச் சொல்கிறது. தரையில் கிடக்கும் பாக்ஸில் எதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது? ஓட்டிப் பார்க்க வழியில்லையே. வாங்கினால் அப்படியே என் வண்டியில் உட்காருமா? இல்லை, என்னுடையதையே பிரித்து வேலை பார்ப்பதுதான் புத்திசாலித்தனமா? இந்த வண்டியில் பாக்ஸை எடுக்க இஞ்சினையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். அதை ஒரே வருடத்தில் இரண்டு தடவை செய்ய என் முதுகு சம்மதிக்காது.

மூன்றாம்பெடல்:

பாக்ஸை விடுங்கள், முதலில் கிளட்ச் முழுதாக விடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது கியர் கடிக்கிறது என்றாலே எல்லோரும் சின்க்ரோவைக் கை காட்டுவார்கள். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும், ஆனால் கிளட்ச் முழுதாக விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் புது சின்க்ரோ போட்டாலும் அதே சத்தம்தான் வரும், அப்புறம் பாக்ஸ் விற்றவரோடு சண்டை போட வேண்டியிருக்கும்.

சோதனை சுலபம். இஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடட்டும். கிளட்சை அடிவரை மிதித்து, பத்துப் பதினைந்து விநாடி எண்ணிவிட்டு மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு உங்கள் பாக்ஸில் சின்க்ரோ கிடையாது. கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அதற்குள் உள்ளே சுற்றியதெல்லாம் நின்றிருக்கும், சத்தமில்லாமல் விழும். அவ்வளவு நேரம் காத்திருந்தும் கடித்தால், கிளட்ச் இன்னும் இன்புட் ஷாஃப்ட்டை (இஞ்சின் சக்தியைப் பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு) சுழற்றிக்கொண்டிருக்கிறது.

எம்ஜிபியில் என் முதல் சந்தேகம் எப்போதும் கிளட்ச் பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றுவது) தண்டையும் சேர்க்கும் இரும்புப் பின் மேல்தான். பின் தேய்ந்து இடுப்பு சிறுத்துவிடும், பெடலில் உள்ள ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். பெடல் ஒரு நெம்புகோல், அதனால் பின்னில் ஒரு நூல் ஆட்டம் இருந்தால் காலடியில் அது பல மடங்காகும், நீங்கள் மிதிக்கும் மிதியில் பாதி சும்மா போகும். கீழே, அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் பக்கத்துப் பின்னையும் அப்படியே பாருங்கள். அப்புறம் ரப்பர் ஹோஸ். வயதான ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், மிதிக்கும்போது பலூன் மாதிரி உப்பி அழுத்தத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். உதவிக்கு ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸைக் கையில் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், கிராங்க் ஷாஃப்ட் நுனியில் உள்ள ஸ்பிகாட் புஷ் என்கிற சின்ன உலோக வளையம் இன்புட் ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடித்திருக்கலாம். அதைப் பார்க்க மட்டும் பாக்ஸை இறக்காமல் வழியில்லை.

பல்சக்கரம்:

மூன்றாம்பெடல் சொன்னதைச் செய்துவிட்டு வாருங்கள், நானும் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். ஆனால் நியூட்ரல் சத்தம் வேறு கதை, அது பெடல் பின்னை மாற்றினால் சரியாகாது. நியூட்ரலில் கிளட்ச் மேலே இருக்கும்போது இன்புட் ஷாஃப்ட்டும் அதோடு கோர்த்த லேஷாஃப்ட் (பாக்ஸுக்குள் பக்கத்தில் உள்ள இரண்டாவது தண்டு) கியர்களும் சுற்றுகின்றன. கிளட்சை மிதித்ததும் இரண்டும் நிற்கும். ஆகவே சத்தம் இன்புட் பேரிங்கிலா, லேஷாஃப்ட்டிலா என்பதுதான் கேள்வி. ஓட்டிப் பாருங்கள். முதல் மூன்று கியரிலும் முனகி, நான்காவதில் சட்டென்று அமைதியானால் லேஷாஃப்ட் மேல் சந்தேகம். நான்காவது கியரில் இன்புட்டும் அவுட்புட்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும், லேஷாஃப்ட் மேலுள்ள கியர்கள் சும்மா சுற்றும், அவற்றின் மேல் பாரம் வராது. நான்கிலும் ஒரே மாதிரி முனகினால் இன்புட் பேரிங்கையோ பின்பக்கத்துப் பேரிங்கையோ தேடுங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த ஜோடிப் பல்சக்கரம். கிளட்சை மிதிக்கும்போது புதிதாகக் கீச்சென்று வந்தால் ரிலீஸ் பேரிங். எம்ஜிபியில் அது கார்பன் கட்டை, பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர்களுக்குச் சீக்கிரம் தேயும்.

இனி ஷெட்டில் கிடக்கும் அந்தப் பாக்ஸ். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அந்த மரியாதை தேவையில்லை, மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். சில போல்ட்டு, ஒரு கேஸ்கட், அவ்வளவுதான். கழற்ற விடமாட்டேன் என்று சொன்னால் உள்ளே ஒன்றும் உருப்படியாக இல்லை என்று வைத்து விலை பேசுங்கள்.

போகும்போது டார்ச், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு காந்தம், பழைய துணி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நியூட்ரலில் இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பேரிங்கில் மணல் சிக்கியது போல விரலுக்குத் தெரிந்தால் துரு, அல்லது குண்டு ஓடும் தடத்தில் குழி. ஆயில் இல்லாமல் எட்டு வருடம் கிடந்தது என்றீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஆயிலோடு வைத்திருந்தால் கீழ்ப்பாதியாவது பிழைத்திருக்கும். காய்ந்த பாக்ஸில் ஈரம் உள்ளே வியர்த்து முதலில் பேரிங்குகளைத்தான் தின்னும். இன்புட் ஷாஃப்ட்டின் நுனி பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தால் பயப்பட வேண்டாம், வண்டியில் இருக்கும்போது அந்த நுனியை ஸ்பிகாட் புஷ் தாங்கும், இப்போது தாங்க ஆள் இல்லை. ஆனால் உள்ளே வெளியே என்று நீளவாக்கில் ஆடக் கூடாது. கிளட்ச் பிளேட் உட்காரும் ஸ்ப்ளைன்களில் (தண்டின் நீளவாக்கு வரிப் பற்கள்) படிக்கட்டு விழுந்திருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள்.

அப்புறம் ஒவ்வொரு கியராகப் போட்டு இன்புட்டைச் சுற்றி, அவுட்புட் ஒரு சுற்று வருவதற்கு இன்புட் எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். நான்கு சின்க்ரோ பாக்ஸில் முதல் கியர் 3.44, இரண்டாவது 2.17, மூன்றாவது 1.38, நான்காவது ஒன்றுக்கு ஒன்று. சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம். எல்லாக் கியரும் விழுகிறதா, விழுந்தபின் தானாகத் திரும்பி வருகிறதா என்பதும் இதிலேயே தெரியும்.

மூடி திறந்ததும் பல்லைப் பாருங்கள். பல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால் மேல் கடினத் தோல் உரிய ஆரம்பித்துவிட்டது, அது நிற்காது. சின்க்ரோ ஸ்லீவ் வந்து கவ்வும் சின்னப் பற்கள் கூராக இருக்க வேண்டும். தேய்ந்த பென்சில் முனை மாதிரி உருண்டிருந்தால் அந்தக் கியர் நிறையக் கடி வாங்கியிருக்கிறது, ஓட்டத்தில் கழன்று வரவும் கூடும். சின்க்ரோ ரிங்கை அதன் கூம்பின் மேல் விரலால் அழுத்திப் பிடித்து, ரிங்குக்கும் கியரின் சின்னப் பற்களுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் புது ரிங்கில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இடைவெளி இருக்கும், சரியான எல்லை உங்கள் பாக்ஸின் கையேட்டில் இருக்கும். இடைவெளியே இல்லாமல் ஒட்டிவிட்டால் அந்த ரிங் தீர்ந்துபோனது.

லே கியரை விரலால் தூக்கிப் பாருங்கள். இந்தப் பாக்ஸில் லேஷாஃப்ட் சுற்றாது, அது நிலையாக நிற்கும், அதன் மேல் ஊசி ரோலர்களில்தான் கியர் தொகுதி சுற்றும். பாரம் எப்போதும் ஒரே பக்கம் விழுவதால் ஷாஃப்ட்டின் அந்தப் பக்கம் மட்டும் உரியும். தூக்கினால் கடகடவென்று ஆடினால் ரோலரும் ஷாஃப்ட்டும் போச்சு.

அடியில் காந்தத்தை விட்டு எடுங்கள். சாம்பல் நிறச் சேறு வந்தால் அது வயசுக்கு உரியது. ஊசி போலவோ செதில் போலவோ இரும்பு வந்தால் நல்லதில்லை. காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள் துணியில் தெரிந்தால் அது சின்க்ரோ ரிங்கின் பித்தளை. ரிவர்ஸ் கியரின் பல் ஓரம் கொஞ்சம் உடைந்திருப்பது சகஜம், அதை வைத்துப் பாக்ஸை ஒதுக்க வேண்டாம்.

கடைசியாக வெளி உடல். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும், இஞ்சினோடு சேரும் முன்பகுதி) காதுகளில் கீறல், வெல்டிங் வைத்த தழும்பு, மரை போன ஓட்டைகள். பேரிங், ரிங், சீல் எல்லாம் வாங்கிவிடலாம், உடைந்த உடலைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

தகரக்கூடு:

நீலக்கூரை, உள்ளே என்ன இருந்தாலும் பிரித்து வேலை பார்க்கத்தான் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். அப்படியே தூக்கி மாட்டலாம் என்ற நினைப்பில் நான் ஒரு தடவை ஏமாந்தேன். என்னுடையது ட்ரையம்ப் டிஆர்6. முழுதாகப் பிரித்து வேலை பார்த்த பாக்ஸ் என்று சொல்லி ஒருவர் விற்றார், வெள்ளி பெயின்ட் அடித்து, புதுப் போல்ட்டு போட்டு, மணப்பெண் மாதிரி இருந்தது. மூடியைத் திறக்கலாமா என்று கேட்க எனக்குக் கூச்சம். டிஆர்6-இல் பாக்ஸைக் காருக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும், சீட்டு, கார்பெட், டாஷ்போர்டைத் தாங்கும் சட்டம், நடுவிலுள்ள மூடி எல்லாம் கழற்றி, மடியில் வைத்துத் தூக்கி வெளியே இறக்க வேண்டும். அத்தனையும் செய்து மாட்டி ஓட்டினால் மூன்றாவது கியரில் காலை எடுத்ததும் கியர் தானாகக் கழன்று வந்தது. திரும்பப் பிரித்தேன். உள்ளே கியரை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க் கத்தி முனையாகத் தேய்ந்திருந்தது, பேரிங்கில் பழைய ஆயில் வார்னிஷ் மாதிரி படிந்திருந்தது. புதிதாக இருந்தவை வெளியே தெரியும் சீலும் கேஸ்கட்டும் மட்டும்தான்.

ஆக, பெயின்ட் அடித்த பாக்ஸைவிட எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் பாக்ஸை எனக்குப் பிடிக்கும், கசிவு எங்கே என்றாவது தெரியும். இன்னொன்று, உங்கள் பழைய பாக்ஸை எக்காரணம் கொண்டும் விற்கவோ மாற்றாகக் கொடுக்கவோ வேண்டாம். இரண்டு சுமாரான பாக்ஸ் சேர்ந்தால்தான் ஒரு நல்ல பாக்ஸ் வரும்.

வேகத்தடை:

இத்தனை பாடு எதற்கு? ஃபோர்டு டைப்-9 இல்லாவிட்டால் மஸ்டா எம்எக்ஸ்-5 ஐந்து கியர் பாக்ஸ் போட்டுவிட்டுப் போகலாமே. நிறையப் பேர் செய்கிறார்கள்.

பல்சக்கரம்:

செய்கிறார்கள், தப்பும் இல்லை. ஆனால் அடாப்டர் அல்லது வேறு பெல் ஹவுசிங், கிளட்ச் பிளேட், தாங்கி, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நீளம், ஸ்பீடோமீட்டர் கேபிள், லீவர் வெளியே வரும் இடம் என்று ஆறு இடத்தில் கை வைக்க வேண்டும். அந்த எம்எக்ஸ்-5 பாக்ஸும் பழையதுதானே, அதையும் இதே மாதிரி திறந்துதான் பார்க்க வேண்டும். கேட்டவருக்கு ஆசை ஓவர்டிரைவ் மேல், அது இந்த வண்டிக்கே வந்த பொருள்.

நீலக்கூரை:

எல்லோருக்கும் நன்றி. ரிவர்ஸ் சோதனை செய்தேன். பதினைந்து எண்ணியும் கடித்தது! பெடல் பின்னைக் கழற்றினால் நடுவில் நாய் கடித்த எலும்பு மாதிரி இருந்தது. புதுப் பின் போட்டு, பெடல் ஓட்டைக்குப் புஷ் அடித்து, ஹோஸும் மாற்றிவிட்டேன். இப்போது ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுகிறது. இரண்டாவது கியர் முக்கால்வாசி சரியாகிவிட்டது, குளிர்ந்திருக்கும்போது அவசரப்பட்டு இழுத்தால் மட்டும் லேசாகக் கடிக்கும். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரு வருடமாகப் பாக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நியூட்ரல் சத்தம் அப்படியே இருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், முதல் மூன்றிலும் முனகுகிறது, நான்காவதில் கிட்டத்தட்ட அமைதி. லேஷாஃப்ட்தான் போலிருக்கிறது.

வால்பக்கஇஞ்சின்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான்காவதில் அமைதியானால் லேஷாஃப்ட் என்கிற கணக்கு முன்பக்க இஞ்சின், பின்பக்க ஆக்ஸில் வண்டிகளுக்குத்தான். இதைப் படித்துவிட்டு 911 வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம். போர்ஷே 911-இல் 1972 முதல் 1986 வரை வந்த 915 பாக்ஸில் நேரடிக் கியர் என்று ஒன்றே கிடையாது, எந்தக் கியரிலும் இரண்டு ஷாஃப்ட்டுக்கு நடுவே ஒரு ஜோடிப் பல் வழியாகத்தான் சக்தி போகும். சின்க்ரோவும் போர்ஷேயின் சொந்த முறை, வெட்டு விட்ட எஃகு வளையம், ஃபீலர் கேஜ் வைக்கும் வித்தை அங்கே செல்லாது.

நீலக்கூரையின் பெடல் பின் மாதிரியே எங்களுக்கும் ஒன்று உண்டு. கியர் லீவரிலிருந்து பாக்ஸ் வரை நீளமாக ஒரு தண்டு போகிறது, அதன் கடைசியில் ஒரு கப்ளர், அதற்குள் பிளாஸ்டிக் புஷ்கள். பின் சீட்டுகளுக்கு நடுவில் ஒரு தகட்டைக் கழற்றினால் கைக்கு வரும். அது பொடிந்துபோனால் லீவர் கஞ்சியில் கரண்டி விட்ட மாதிரி ஆடும், கியர் பாதி விழும், பல் கடிக்கும். நான் அது தெரியாமல் ஒரு பழைய 915 பாக்ஸ் வாங்கி, இஞ்சினையும் சேர்த்துக் கீழே இறக்கி மாற்றி, அதே குறையோடு திரும்ப ஓட்டினேன். விரல் நீளமில்லாத ஒரு புஷ்! அந்த இரண்டாவது பாக்ஸ் இன்னும் ஷெட்டில் இருக்கிறது, பார்த்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

கிரீஸ்கை:

ஆயிலை யாரும் தொடவில்லையே. என் பழைய ஆல்ஃபா ரோமியோவில் இரண்டாவது கியர் குளிரில் கடிப்பது ஊரறிந்த விஷயம், அந்தக் காலத்து ஆல்ஃபா ஓட்டியவர்கள் எல்லோரும் முதல் சில கிலோமீட்டர் இரண்டாவதை மெதுவாகத்தான் போடுவார்கள். நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு ஜிஎல்-4 தர கியர் ஆயில் இருந்த இடத்தில் ஜிஎல்-5 ஊற்றினேன், நம்பர் பெரிசு, அதனால் உசத்தி என்ற கணக்கு. மூன்றாவதும் சேர்ந்து கடிக்க ஆரம்பித்தது. திரும்ப ஜிஎல்-4 ஊற்றி இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது. ஜிஎல்-5 பித்தளையைத் தின்றுவிடும், பழைய பாக்ஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பல்சக்கரம்:

முடிவு சரி, காரணத்தில் கொஞ்சம் மிகை. ஜிஎல்-5 என்பது பின் ஆக்ஸிலில் உள்ள ஹைப்பாய்ட் கியருக்காக வந்தது. அங்கே பல் மேல் பல் வழுக்கித் தேய்க்கும், அதைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தை ஜிஎல்-4 போலச் சுமார் இரண்டு மடங்கு போடுகிறார்கள். வேகமாக வினைபுரியும் கந்தகம் சூட்டில் பித்தளை, வெண்கலத்தைக் கறுக்க வைத்து அரிக்கும், உண்மைதான். ஆனால் இன்று வரும் எல்லா ஜிஎல்-5உம் அப்படி அரிப்பதில்லை. உங்கள் ஆல்ஃபா உடனே கடித்ததற்குக் காரணம் வழுக்கல்தான். சின்க்ரோ ரிங்கின் உள்பக்கம் மெல்லிய வரிகள் இருக்கும், அவை கூம்பின் மேலுள்ள ஆயில் படலத்தை வெட்டி ரிங்கைக் கவ்வ வைக்க வேண்டும். அந்த உராய்வு வந்தால்தான் இரண்டு வேகமும் ஒன்றாகும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் ரிங் பிடிக்காமல் சறுக்கும், கை அவசரப்படும், பல் கடிக்கும். லிமிடட் ஸ்லிப் ஆக்ஸிலுக்கான மருந்து கலந்த ஆயில் இதில் இன்னும் மோசம். 915 மாதிரி டிஃபரன்ஷியலும் கியரும் ஒரே ஆயிலில் குளிக்கும் பாக்ஸுக்கு வேறு சமரசம் வேண்டும், அதை அந்த வண்டிக்காரர்களிடம் விட்டுவிடுகிறேன்.

நீலக்கூரைக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். எம்ஜிபி பாக்ஸுக்குக் கையேட்டில் சொன்னதே இஞ்சின் ஆயில், 20டபிள்யூ-50. கியருக்கு இஞ்சின் ஆயிலா, ரொம்ப மெல்லிசாக இருக்குமே என்று புதிதாக வருகிறவர்கள் பதறுவார்கள். கியர் ஆயிலின் எண்களும் இஞ்சின் ஆயிலின் எண்களும் வேறு வேறு அளவுகோல், கியர் ஆயில் 90 என்பது சூட்டில் இஞ்சின் ஆயில் 40க்கும் 50க்கும் இடையிலான தடிமன்தான். ஓவர்டிரைவும் அதே ஆயிலைத்தான் குடிக்கிறது. அதற்குள் இருக்கும் கூம்புக் கிளட்ச் உராய்வில்தான் பிடிக்கும், வழுக்கல் மருந்து போட்டால் அதுவும் சறுக்கும்.

நீலக்கூரை:

நேற்று போய்ப் பார்த்தேன். மூடியைத் திறக்கலாமா என்றதும் அவரே ஸ்பேனர் எடுத்து வந்தார், நல்ல மனிதர். உள்ளே: இன்புட் பேரிங் மணல் போல உரசுகிறது, சந்தேகமே இல்லை, துரு. பல்லெல்லாம் சுத்தம், லே கியரில் ஒரே ஒரு பல்லில் மட்டும் ஓரத்தில் லேசான குழி. இரண்டாவது கியரின் சின்க்ரோ இடைவெளி ரொம்பக் குறைவு, ஃபீலர் 0.4 கூடப் போகவில்லை, ஆனால் சின்னப் பற்கள் கூராக இருக்கின்றன. லே கியர் துளிகூட ஆடவில்லை. முதல் கியரை எண்ணினேன், மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. உடலில் கீறல் இல்லை. ஓவர்டிரைவ் சோலனாய்டுக்கு 12 வோல்ட் கொடுத்தோம், க்ளிக் என்றது.

வாங்கிவிட்டேன். பேரிங்கைக் காட்டியதும் அவரே விலையைக் குறைத்துக்கொண்டார். பிரிக்கப் போகிறேன், என் பாக்ஸ் வண்டியிலேயே இருக்கட்டும், இது தயாரானபின் ஒரே தடவை இஞ்சினைத் தூக்கினால் போதும். மாட்டுவதற்கு முன் எதையெல்லாம் அளந்துகொள்ள வேண்டும்? ஓவர்டிரைவைப் பிரிக்க வேண்டுமா?

பல்சக்கரம்:

நல்ல வியாபாரம். சோலனாய்டு க்ளிக் என்பது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி, உள்ளே ஆயில் அழுத்தம் வருகிறதா என்பது ஓட்டும்போதுதான் தெரியும். அதனால் ஓவர்டிரைவை முழுசாகப் பிரிக்க வேண்டாம், அடியில் உள்ள வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். அதில் சேறு மட்டும் இருந்தால் கழுவிப் போடுங்கள். உராய்வுப் பட்டையின் துண்டுகளோ வெண்கலத் துகளோ இருந்தால் அப்புறம் யோசிக்கலாம். இந்த லேகாக் கம்பெனி ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்று வருகிறவற்றில் நான் பார்த்த வரையில் வயரிங், சுவிட்ச், ஆயில் குறைவு இவைதான் அதிகம்.

பாக்ஸ் மேல் உள்ள தடுப்பு சுவிட்சை மறக்காதீர்கள். அது மூன்று, நான்கு கியர்களில் மட்டும் ஓவர்டிரைவுக்கு மின்சாரம் விடும். அதைச் சோம்பலில் நேராக இணைத்துவிட்டு, ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது ரிவர்ஸ் எடுத்தால் உள்ளே ஒருபக்கம் மட்டும் சுற்றும் ரோலர் கிளட்ச் நொறுங்கும்.

உட்காருமா என்று ஆரம்பத்தில் கேட்டீர்கள். உங்களுடையதும் நான்கு சின்க்ரோ என்பதால் பெரிய தலைவலி இல்லை. 1967க்கு முந்தைய மூன்று சின்க்ரோ வண்டியாக இருந்தால் சொல்லியிருப்பேன், வேண்டாம் என்று. அதில் டனல் குறுகல், ஸ்டார்ட்டர், ஃப்ளைவீல், பின் தகடு எல்லாம் வேறு. இன்புட் ஷாஃப்ட் நுனியின் விட்டத்தையும் உங்கள் ஸ்பிகாட் புஷ்ஷையும் அளந்து பாருங்கள், ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை இரண்டு பாக்ஸின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்பீடோமீட்டர் முகப்பில் சின்னதாக ஒரு எண் இருக்கும், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது. புதுப் பாக்ஸின் ஸ்பீடோ கியரோடு அது ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் போகும் வேகம் ஒன்று, முள் காட்டுவது வேறு. இஞ்சின் வெளியே இருக்கும்போது கிளட்ச், கார்பன் ரிலீஸ் பேரிங், ஸ்பிகாட் புஷ், இஞ்சினின் பின் சீல் எல்லாம் மாற்றிவிடுங்கள், நன்றாக இருந்தாலும்.

சின்க்ரோ ரிங் வாங்கும்போது எச்சரிக்கை. மாற்றாகச் செய்து வருவதில் சில உருப்படியாக இருப்பதில்லை. வந்ததும் கூம்பில் ஒரு துளி ஆயில் தடவி, ரிங்கை அழுத்தித் திருகுங்கள், நக்கென்று பிடிக்க வேண்டும். வழுக்கினால் திருப்பி அனுப்புங்கள். இரண்டு பாக்ஸ் இருப்பதால் நல்ல லே கியரைத் தேர்ந்தெடுக்கலாமே என்று தோன்றும், ஆனால் ஜோடியாக ஓடிப் பழகிய பற்களைப் பிரித்தால் புதுச் சத்தம் வரும். ஒரு பல்லில் ஓரத்தில் குழி என்றால் நான் அப்படியே விட்டுவிடுவேன்.

மாட்டியபின் ஆயிலைச் சரியான மட்டம் வரை ஊற்றி, ஓவர்டிரைவைப் போட்டு எடுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, நிறுத்தித் திரும்பவும் மட்டம் பாருங்கள். குறைந்திருக்கும். முதல் ஆயிலை நூறு இருநூறு கிலோமீட்டரில் வடித்துவிடுங்கள், அசெம்பிளியில் உதிர்ந்ததெல்லாம் அதில் வரும். எல்லாம் சரியாக அமைந்தால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் இப்போது 3,500 சுற்று அளவில் கத்தும் இஞ்சின் 2,850க்கு வந்துவிடும், ரேடியோவே தனியாகக் கேட்கும்.

தகரக்கூடு:

ஒன்றை விட்டுவிட்டாரே பல்சக்கரம். சின்க்ரோ ஹப்பும் அதன் மேல் ஓடும் ஸ்லீவும் சேர்ந்தே பழகியவை. உருவுவதற்கு முன் இரண்டின் மேலும் ஒரே கோடாக மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் முன்பக்கம் என்றும் எழுதுங்கள். உருவும்போது பெரிய துணியை விரித்துக்கொண்டு உருவுங்கள், இல்லாவிட்டால் உள்ளே உள்ள ஸ்ப்ரிங்கும் குண்டும் ஷெட்டின் நான்கு மூலைக்கும் பறக்கும்.

நீலக்கூரை:

தாமதமாகப் படித்தேன் தகரக்கூடு. இரண்டு குண்டு கிடைத்துவிட்டது, மூன்றாவதை இன்னும் காந்தத்தோடு தேடிக்கொண்டிருக்கிறேன்.